ஒரு மையத்தில் மட்டும் மயோ-இனோசிட்டால் தூக்கலாக வருகிறது: என்ன செய்வது?

என்ஏஏ, மயோ-இனோசிட்டால் போன்ற மூளையின் வளர்சிதைப் பொருள்களை எம்ஆர் ஸ்பெக்ட்ராஸ்கோபியில் (எம்ஆர்ஐ ஸ்கேனரிலேயே வேதிப்பொருள்களை அளக்கும் முறை) அளக்கிறோம். மூன்று மையங்கள், எல்லாமே 3 டெஸ்லா காந்தப்புலம், ஸ்கேனர் கம்பெனிதான் வேறு வேறு. பிரெஸ் முறை (ஒரு சிறு பகுதியிலிருந்து மட்டும் சிக்னல் எடுக்கும் பல்ஸ் வரிசை), எக்கோ நேரம் (முதல் பல்ஸிலிருந்து சிக்னல் வரை ஆகும் நேரம்) 30 மில்லிசெகண்ட், வாக்சல் (அளக்கும் அந்தப் பகுதி) 2×2×2 செ.மீ.

என்ஏஏ ஒத்துப்போகிறது. மயோ-இனோசிட்டால் மட்டும் ஒரு மையத்தில் எப்போதும் அதிகம். ஃபாண்டத்தில் (ஆளுக்குப் பதில் வைக்கும் சோதனைக் கரைசல் குடுவை) எல்லாம் சரி. ஆளைப் படுக்கவைத்தால்தான் இந்தக் கூத்து! ஒரே தன்னார்வலர் மூன்று இடத்திலும் படுத்துப் பார்த்தார், அதேதான். ஷிம்மிங்கை (காந்தப்புலத்தைச் சீராக்குவது) திரும்பச் செய்தோம். அந்தந்த ஸ்கேனரின் பல்ஸுக்கேற்ற பேசிஸ் செட்டோடு (ஒவ்வொரு பொருளுக்குமான மாதிரி சிக்னல்களின் தொகுப்பு) ஒரே மென்பொருளில் அலசியும் வித்தியாசம் போகவில்லை. அந்த மையத்தில் ஆர்எஃப் (ரேடியோ அலை) பல்ஸின் பேண்ட்வித் (அதிர்வெண் அகலம்) குறைந்து, வாக்சல் இடம் பெயர்கிறதோ என்பது என் சந்தேகம்.

ஆய்வு பாதியில் நிற்கிறது. இப்போதே மூன்று மையமும் செமி-லேசருக்கு (வாக்சல் இடப்பெயர்ச்சி குறைவான வேறொரு பல்ஸ் வரிசை) மாறலாமா, இல்லை பிரெஸ்ஸையே தொடர்ந்து, மைய வேறுபாட்டைப் புள்ளியியலில் சரிக்கட்டலாமா?