காச்சர் கோச்சர் படித்தவர்களே, அனிதா என்ன ஆனாள்?

விவேக் ஷான்பாக் கன்னடத்தில் 2013-இல் வெளியிட்ட ‘காச்சர் கோச்சர்’ பற்றித்தான் கேட்கிறேன். தமிழில் கே. நல்லதம்பி மொழிபெயர்த்து காலச்சுவடு போட்டிருக்கிறது. சின்னப் புத்தகம், ஒரு ராத்திரி போதும். முடிவு வரைக்கும் போட்டு உடைத்துத்தான் பேசப்போகிறேன், படிக்காதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரே பிரதி கை மாறிக்கொண்டே இருந்தது. எனக்குப் பாதி வரை சிரிப்புதான். கதை சொல்கிறவன் பெங்களூரு காபி ஹவுஸில் வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்திருப்பதும், பரிமாறுகிற வின்சென்ட் உதிர்க்கிற ஒன்றிரண்டு வார்த்தையை ஞானியின் வாக்கு போல எடுத்துக்கொள்வதும், பழைய வாடகை வீட்டில் அம்மா எறும்புகளோடு நடத்துகிற சண்டையும், நம்ம வீட்டுக் கதைதானே என்று போய்க்கொண்டிருந்தேன். அப்புறம் சித்தப்பா மசாலா வியாபாரத்தில் பணம் பார்க்கிறார், குடும்பம் பெரிய வீட்டுக்குப் போகிறது, மருமகளாக அனிதா வருகிறாள். எந்தப் பக்கத்தில் சிரிப்பு நின்றது என்று திரும்பத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அம்மா படித்துவிட்டுச் சொன்னது: “பொழைக்க வந்த வீட்டுல இவ்ளோ வாய் பேசினா யாரு பொறுத்துப்பா?” என் மனைவி அடுப்படியில் இருந்தே, “அதுக்காகக் கொல்லலாமா அத்தை?” என்றாள். “கொன்னாங்கன்னு எங்க எழுதியிருக்கு?” என்றார் அம்மா. அன்று முழுக்க ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. நடுவில் நான், அந்தக் கதை சொல்கிறவன் போலவே சத்தமில்லாமல் சாப்பிட்டேன்.

எழுதவில்லைதான். அனிதா ஊருக்குப் போனாள், திரும்பி வந்து சேரவில்லை, அவ்வளவுதான் புத்தகத்தில் இருக்கிறது. கடைசியில் அவன் கையில் ரத்தம் இருப்பதைக் காட்டி, கழுவிக்கொள்ளச் சொல்கிறார் வின்சென்ட். நீங்கள் படித்தபோது என்ன தோன்றியது? உங்கள் வீட்டில் யாருக்காவது கொடுத்தீர்களா?

*

அண்ணா, உங்கள் அம்மா கேட்டதையே என் ஓரகத்தியும் கேட்டார். எங்களுடையது இன்னும் கூட்டுக்குடும்பம், ஒரே அடுப்பு. கடை கணவரின் அண்ணன் பேரில். அவர் வண்டிச் சத்தம் கேட்டால் டிவி சத்தத்தைக் குறைப்போம், அவர் ஒருநாளும் குறைக்கச் சொன்னதில்லை, நாங்களாகக் குறைத்துக்கொள்வோம். இந்த நாவலில் சித்தப்பாவுக்கு வீட்டில் நடக்கிற உபசாரத்தைப் படித்தபோது யாரோ எங்கள் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதியது போல இருந்தது.

என்னால் தாண்ட முடியாத இடம் அந்த மசூர் பருப்புக் குழம்பு. ஒரு பெண் வாசலில் வந்து நிற்கிறாள், சித்தப்பாவுக்குப் பிடிக்கும் என்று அவளே செய்த குழம்பைக் கொண்டுவந்திருக்கிறாள். அம்மாவும் மகள் மாலதியும் அவளைப் பேசுகிற பேச்சு இருக்கிறதே! அதுவரை அந்த அம்மாவைப் பாவம் என்றுதான் நினைத்திருந்தேன், வறுமையில் குடும்பத்தைக் கட்டி இழுத்தவள் என்று. அந்த வார்த்தைகளெல்லாம் இத்தனை வருடம் அவள் வாய்க்குள் எங்கே இருந்தன? வீட்டு ஆண்கள் ஒருவரும் தடுக்கவில்லை. அனிதா ஒருத்திதான் இது தப்பு என்று வாயைத் திறக்கிறாள், அவள் நேற்று வந்தவள்.

அம்மாவைப் பார்த்தும் மாலதியைப் பார்த்தும் எனக்குப் பயம் வரவில்லை. அவர்கள் கோபம் கண்ணுக்குத் தெரிகிறது, விலகிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மனசுக்குள் வெட்கப்பட்டுக்கொண்டு, எழுந்து காபி ஹவுஸ் போய்விடுகிறானே, அவனோடுதான் வாழ முடியாது. என் கணவருக்குப் படிக்கக் கொடுத்தேன். “நல்லா இருக்கு, எறும்பு சீன் சூப்பர்” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

*

நான் விருதுநகர் பக்கம், வத்தல், மல்லி வியாபாரம். நாவலெல்லாம் அதிகம் படிக்கிற ஆள் இல்லை, மகள் வற்புறுத்திக் கொடுத்தாள். எல்லோரும் சித்தப்பாவை வில்லனாக்குகிறீர்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை. அவருடைய சோனா மசாலா கம்பெனி செய்வது ஒன்றும் மாயவித்தை இல்லை. கேரளாவிலிருந்து மூட்டையாக எடுத்து, சின்ன பாக்கெட்டாகக் கட்டி, மளிகைக் கடைகளுக்கு விடுகிறார்கள். இதில் சரக்கு விற்பது சுலபம், காசு வாங்குவதுதான் கஷ்டம். கடைக்காரர் கடனுக்குத்தான் எடுப்பார், வசூலுக்கு நாயாக அலைய வேண்டும். அந்த அலைச்சலில்தான் நாலு முரட்டு ஆட்களின் பழக்கமும் ஒட்டும். மாலதி புருஷனை விட்டு வந்த பிறகு அவள் நகையை எடுத்து வர அந்த வீட்டுக்குள் புகுந்த ஆட்கள் திடீரென்று முளைத்தவர்கள் இல்லை. சித்தப்பா ஒருவர் உழைக்கிறார், மீதிப் பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மகனுக்குக் கம்பெனியில் பதவி இருக்கிறது, மாதாமாதம் கணக்கில் பணம் விழுகிறது, வேலைதான் இல்லை. இப்படிப்பட்ட முதலாளிப் பிள்ளைகளை மார்க்கெட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒரு விஷயம் சொல்கிறேன், மேலே ஒருவரும் தொடவில்லை. இது முழுக்கச் சொத்துக் கதை. அப்பா டீ கம்பெனி விற்பனையாளராக இருந்து, வேலை போன பிறகு கிடைத்த பணத்தைத் தம்பியின் தொழிலில் போட்டார், அதனால் அவருக்குப் பாதிப் பங்கு. அது அவர் சுயமாகச் சம்பாதித்தது, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம், கோயிலுக்குக்கூட. அதனால்தான் வீட்டில் எல்லோரும் அவர் விஷயத்தில் பதமாக நடந்துகொள்கிறார்கள்.

இப்போது சித்தப்பாவின் பாதியைப் பாருங்கள். கல்யாணமாகாதவர். அவர் உயில் எழுதாமல் போனால், மனைவி இல்லை, பிள்ளை இல்லை, பெற்றவர்களும் இல்லை என்றால், சுற்றி வளைத்து அண்ணனுக்கே வந்து சேரும். அந்தக் குழம்புக்காரியை அவர் முறைப்படி கட்டிக்கொண்டால்? பாதி சொத்து வாசலைத் தாண்டிப் போய்விடும். அன்றைக்கு அவளை விரட்டினது மானத்துக்காக இல்லை தங்கச்சி, பங்குக்காக. அம்மாவுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, உள்ளூர எல்லோருக்கும் தெரியும்.

*

எனக்கு மட்டும்தான் பிடிக்கவில்லையா? பில்டப் ஜாஸ்தி. கொலையும் இல்லை, ஒன்றும் இல்லை, ரயில் லேட், போன் எடுக்கவில்லை, அவ்வளவுதான். வேலைக்குப் போகாதவன் தலைக்குள் ஓடுகிற பயத்தை வைத்து ஒரு முடிவைச் செய்திருக்கிறார்கள், நாம்தான் மீதியை நிரப்பிக்கொண்டு ஆசிரியரைப் பாராட்டுகிறோம். அனிதா என்கிற பெண்ணுக்குக் கோபப்படுவதைத் தவிர வேறு என்ன இருக்கிறது கதையில்? அவள் என்ன படித்தாள், எதைப் பார்த்துச் சிரிப்பாள், அவள் பக்கத்து நியாயம் அவள் வாயாலேயே வரவேண்டாமா? ஊட்டிக்குப் போன தேனிலவுப் பகுதி ஒன்றில்தான் அவள் உயிரோடு தெரிகிறாள், அங்கே பாவாடை நாடா சிக்கிக்கொண்டு இரண்டு பேரும் முழிக்கிற இடம் மட்டும் உண்மையிலேயே அழகு, ஒத்துக்கொள்கிறேன்.

*

மேலே ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதிய சகோதரருக்கு. நான் பல வருடம் குடும்ப ஆலோசனை மையத்தில் வேலை பார்த்தவள். தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கியது. அதற்குப் பிறகு ஊர் ஊராக நிலையங்கள் வந்தன, அங்கிருந்தும் எங்களுக்கு ஆட்களை அனுப்புவார்கள். எனவே இந்த நாவலை இலக்கியமாக முதலில் படிக்க முடியவில்லை, கேஸ் கட்டாகத்தான் படித்தேன்.

செய்தித்தாளில் கடைசி வரியாக வருமே, ‘திருமணமாகி 7 ஆண்டுகளுக்குள் இறந்ததால் ஆர்.டி.ஓ. விசாரணை நடக்கிறது’ என்று. அந்த வரிக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. புடவையில் தீப்பிடித்தது, ஸ்டவ் வெடித்தது என்று வரிசையாக மருமகள்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் இந்திய தண்டனைச் சட்டத்தில் 1983-இல் கணவன் வீட்டார் கொடுமைக்கான 498ஏ பிரிவும், 1986-இல் வரதட்சணை மரணத்துக்கான 304பி பிரிவும் வந்தன. இப்போது அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 85, 80 என்று எண் மாறியிருக்கின்றன. விபத்து என்று சொல்லி முடித்துவிடுவது அவ்வளவு சுலபமாக இருந்ததால்தான் இத்தனை சட்டம்.

நாவலின் கடைசிப் பகுதியில் குடும்பமாக உட்கார்ந்து சாவுகளைப் பற்றி, கொலையை விபத்தாகக் காட்டுவதைப் பற்றிப் பேசுகிறார்களே, யாரும் குரலை உயர்த்துவதில்லை, அனிதா பெயரையும் எடுப்பதில்லை. நான் கேட்ட வீடுகளிலும் அப்படித்தான். திட்டம் போட்டோம் என்று ஒருவரும் சொன்னதில்லை. “சும்மா பேசிட்டிருந்தோம் மேடம்” என்பார்கள்.

இன்னொன்று, சித்ராவை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். கல்யாணத்துக்கு முன் அவன் காபி ஹவுஸில் சந்தித்துக்கொண்டிருந்த பெண், பெண்கள் நல அமைப்பில் வேலை செய்கிறவள். வீட்டுக்குள் பெண்களுக்கு நடக்கிற கொடுமைகளை அவள் கதை கதையாகச் சொல்ல இவன் கேட்டுக்கொண்டிருக்கிறான், ஒரு கட்டத்தில் அவளைப் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறான். அதாவது இவனுக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் செய்த பாவம் என்று தப்பிக்க முடியாதபடி ஆசிரியர் முன்னாலேயே வழியை அடைத்துவிட்டார். என் கணக்கில் அனிதா உயிரோடு இல்லை. அந்த அம்மாவிடம் ஸ்டேட்மென்ட் வாங்க எனக்கு ஒரு மணி நேரம் போதும்.

*

நான் மருந்துக் கம்பெனி ரெப்பாக இருந்து ஓய்வு பெற்றவன். இத்தனை பேர் எழுதியும் அப்பாவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வரவில்லையே என்று எழுதுகிறேன். பழைய வீட்டில், ரயில் பெட்டி மாதிரி வரிசையாக அறைகள் உள்ள அந்த வீட்டில், ராத்திரி அவர் கணக்கு நேர் செய்வார். ஒருநாள் இடிக்கும். வீடே உட்கார்ந்து கூட்டிப் பார்க்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், என் மகள் நாலாம் வகுப்பிலேயே டூர் பில் கூட்டுவாள். மாதக் கடைசியில் ஒரு பொருள் வாங்குவதென்றால் எல்லோரும் கூடிப் பேசித்தான் வாங்குவோம். அந்தப் பகுதியை மட்டும் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

பணம் வந்து கெட்டுப்போனார்கள் என்று எல்லோரும் சொல்கிறீர்கள், எனக்கு முழுதாக ஒப்பவில்லை. அந்த ஒற்றுமையிலேயே வெளியாளை உள்ளே விடாத குணம் இருந்தது. எறும்பை எப்படிக் கொல்கிறார்கள் என்று பாருங்கள், தொல்லை தராத எறும்பைக்கூட விடுவதில்லை. அப்போது எறும்பு, அப்புறம் ஆள். பணம் வந்ததில் கை கொஞ்சம் நீண்டது. இப்படிச் சொன்னால் என் மகளுக்குக் கோபம் வருகிறது, “நம்ம வீடும் அப்படியா அப்பா?” என்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது, நாங்கள் பணம் பார்க்காமலே தப்பித்துவிட்டோம்.

*

காலேஜ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். அவன் என்ன சம்பாதிக்கிறான் என்று அனிதா கேட்கிற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். என் செலவும் அண்ணன் காசுதான். இங்கே யாரும் அந்தப் பக்கத்திலிருந்து எழுதவில்லை என்பதால் சொன்னேன். அவனைத் திட்டுவது சுலபம் அக்கா, சோறு போடுகிறவர் முன்னால் வாயைத் திறந்து பாருங்கள் தெரியும்.

*

முதலில் கேட்டவன்தான். எல்லாவற்றையும் வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மகளிர் நிலையம் பற்றி எழுதிய அக்கா, என் மனைவி உங்களோடு பேச வேண்டும் என்கிறாள். மாடிக்குப் போன தம்பிக்கு நான் பதில் எழுத நினைத்து மூன்று வரி அடித்து அழித்துவிட்டேன், ஏனென்றால் நீ சொல்வதும் சரி, கூட்டுக்குடும்ப தங்கச்சி சொல்வதும் சரி. பில்டப் என்றவரிடம் மட்டும் எனக்குச் சண்டை உண்டு. அனிதா பேசாததுதான் அங்கே விஷயம், கதையைச் சொல்கிறவனே அவளைப் பேசவிடாத வீட்டுக்காரன்.

அம்மா எதற்கும் அசரவில்லை. விருதுநகர் அண்ணன் எழுதியதைப் படித்ததும்தான் கண்ணாடியைக் கழற்றினார். “சரி, அப்போ அந்த அனிதாவுக்கு எவ்வளவு பங்கு வரும்? அதைக் கேளு.” அண்ணே, சொல்லுங்கள்.

*

அம்மாவுக்கு வணக்கம் சொல்லுங்கள், கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறார். மாமனார் இருக்கிறவரை மருமகளுக்கு ஒன்றும் கிடையாது. அவர் உயில் எழுதாமல் போனால் அவருடைய பாதி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சமம், ஆக மகனுக்கு மொத்தத்தில் ஆறில் ஒன்று. அந்த மகன் அப்பனுக்கு முன்னாலேயே போய்விட்டாலும் அந்த ஆறில் ஒன்று விதவை மருமகளுக்கு வரும். பிள்ளை இல்லாவிட்டாலும் வரும். அவள் உயிரோடு இருந்தால்.