பெட்டைக் குதிரைக்குச் சினைப்பை எடுக்க வயிற்றைத் திறந்துதான் ஆகவேண்டுமா?

நானுஓயா தம்பி
நுவரெலியாவில் கிறகரி வாவிப் பக்கம் சவாரிக்கு விடுகிற எங்கள் பெட்டைக் குதிரை கொஞ்ச மாதமாகச் சரியில்லை. முன்பெல்லாம் பருவத்துக்கு வரும்போது மட்டும் முரண்டு பிடிக்கும், அப்புறம் அடங்கிவிடும். இப்போது எந்நேரமும் ஆண் குதிரை மாதிரி மற்றப் பெட்டைகள் மேல் ஏறப் பார்க்கிறது, கழுத்தும் தடித்துக்கொண்டு வருகிறது, சேணம் வைக்கப் போனால் காதை மடக்கிக்கொண்டு கடிக்க வருகிறது. ஏப்ரல் சீசனில் அதன்மேல் பிள்ளைகளை ஏற்றவே பயமாக இருந்தது. சினைப்பையை எடுத்தால் சரியாகும் என்கிறார்கள். முழு மயக்கம் கொடுத்தால் எழும்பாமலே போய்விடும் என்று அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. சின்னத் துளை போட்டு எடுக்கிற முறை குதிரைக்கு உண்டா?

மாட்டுப்பட்டி டொக்டர்
உண்டு தம்பி, படுக்க வைக்கவே தேவையில்லை. அப்பா பயப்படுவது நியாயம்தான், குதிரை மயக்கம் தெளிந்து எழும்பும்போது தடுமாறி விழுந்து காலை முறித்துக்கொள்வதுண்டு, அதனாலேயே இதை நிற்க வைத்துச் செய்கிறார்கள். ஒரு நாள், ஒன்றரை நாள் தீனியை நிறுத்திக் குடலைக் காலியாக்கி, இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்தி, டெட்டோமிடின் போன்ற மருந்தால் தலை தொங்குகிற அளவுக்குக் கிறங்க வைப்பார்கள். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே பள்ளமாக இருக்குமே, அங்கே விறைக்க ஊசி போட்டு இரண்டு மூன்று துளை, ஒன்றில் கெமரா, மற்றவற்றில் கருவிகள். காபனீரொட்சைட்டு வாயுவை உள்ளே விட்டு வயிற்றை உப்ப வைத்தால் சினைப்பை நன்றாகத் தெரியும். அதைத் தாங்குகிற சவ்வுக்குள்ளும் விறைக்க மருந்து போடவேண்டும், இல்லாவிட்டால் பிடித்து இழுக்கும்போது வலியில் குதிரை துள்ளும். பிறகு இரத்தக் குழாய்களைச் சூட்டால் ஒட்டவைத்து வெட்டி, துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி வெளியே எடுப்பார்கள்.

ஆனால் நீங்கள் சொல்கிற குணத்தைப் பார்த்தால் எனக்குக் கிரனுலோசா செல் கட்டி, அதாவது சினைப்பையில் வந்து ஹோர்மோனைச் சுரக்கிற கட்டி என்றுதான் சந்தேகம். முதலில் ஸ்கேன். ஒரு பக்கச் சினைப்பை பெருத்துத் தேன்கூடு மாதிரித் தெரிந்து, மற்றது சுருங்கிக் கிடந்தால் கிட்டத்தட்ட அதுதான், இரத்தத்தில் ஏ.எம்.எச்., இன்ஹிபின், டெஸ்டோஸ்டெரோன் என்கிற ஹோர்மோன்களைப் பார்த்து உறுதி செய்யலாம். பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் வரும். அதை மட்டும் எடுத்தால் போதும், மற்றது சில மாதங்களில் திரும்ப வேலை செய்யத் தொடங்கும், பிறகு குட்டியும் போடலாம்.

பந்தயத்திடல் பழசு
வெளியே தையலே இல்லாத பழைய முறை ஒன்றும் இருக்கிறது. யோனிச் சுவரில் வெட்டி, கையை விட்டு, சங்கிலிக் கருவியால் சினைப்பையை நசுக்கி அறுத்து எடுப்பது. செலவு குறைவு. ஆனால் எல்லாம் கைத்தடவல்தான், உள்ளே இரத்தம் கசிந்தாலும் தெரியாது, வெட்டு வழியாகக் குடல் இறங்கிவிடக்கூடும் என்று சில நாள் படுக்கவிடாமல் கட்டி வைப்பார்கள். பெருத்த கட்டிக்குச் சரிவராது. என் குதிரையாக இருந்தால் செய்யவிடமாட்டேன்.

ஹக்கலை அக்கா
தம்பி, ஸ்கேனில் ஒன்றும் இல்லையென்றால் கத்தி எடுக்க அவசரப்படாதீங்க. ரெண்டு சினைப்பையை எடுத்த பிறகும் சில பெட்டைகள் பருவக் குணம் காட்டும், அந்தக் குணத்தை அடக்கி வைக்கிற புரொஜெஸ்டரோன் ஹோர்மோனும் சேர்ந்து போய்விடுகிறதே. அல்ட்ரெனோஜெஸ்ட் என்று புரொஜெஸ்டரோன் மாதிரி வேலை செய்கிற, வாயில் கொடுக்கிற மருந்து இருக்கிறது, அதைக் கொஞ்ச நாள் கொடுத்துக் குணம் மாறுகிறதா என்று பார்க்கலாம். கையுறை இல்லாமல் தொடக்கூடாது, தோல் வழியாகவே ஏறும், முக்கியமாகக் கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போகக்கூடாது. சேணம் வைக்கும்போது கடிக்கிறதென்றால் முதுகையும் ஒருதரம் அழுத்திப் பாருங்க.

நானுஓயா தம்பி
முதுகை அழுத்தினால் ஒன்றும் செய்யவில்லை அக்கா, வயிற்று வாரை இறுக்கும்போதுதான். ஸ்கேனுக்கு எங்கே போவது டொக்டர்?

மாட்டுப்பட்டி டொக்டர்
உங்கள் பகுதி மிருக வைத்தியரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு பேராதனை மிருக வைத்திய பீடத்துக்கு முதலில் போன் பண்ணிக் கேளுங்கள். லொறியில் இறக்குவதென்றால் றம்பொடை வளைவுகளில் மெதுவாகப் போகச் சொல்லுங்கள், புல்லும் தண்ணீரும் கையோடு இருக்கட்டும். ஸ்கேனுக்குப் பட்டினி போடத் தேவையில்லை.