டைனமைட் மீன்பிடி பற்றி 10 நிமிடப் படம்: முகத்தை மங்கலாக்கினால் போதுமா?

நிலாவெளிக்கரை:
திருகோணமலைக் கரையில டைனமைட் போட்டு மீன் பிடிக்கிறதைப் பற்றி 10 நிமிட ஆவணப்படம் ஒண்டு எடுக்கத் திட்டம். கைவசம் ரெண்டு போனும் ஒரு கொலர் மைக்கும்தான். பேசச் சம்மதிச்ச கரைவலைக்காரர் முகம் வரக்கூடாது எண்டினம். எடிட்டில மங்கலாக்கினால் சரியா? கடற்கரையில திரை கட்டிக் காட்டவும் யோசனை.

உப்புக்காற்று:
போதாது தம்பி. மூலக் கோப்பில முகம் அப்படியே கிடக்கும். போன் களவு போனால் ஆள் அகப்பட்டார். முகத்தை எடுக்கவே வேண்டாம். வலை பொத்துற கையும் பின்பக்க நிழலுருவும் காணும். கையில தழும்பு, தோணியின்ர பதிவு இலக்கம், வாடிக்கு (மீனவர் கொட்டிலுக்கு) பின்னால தெரியிற கோபுரம், இதுகளும் பேர் சொன்ன மாதிரித்தான். குரலின்ர சுருதியை மாத்தினாலும் திருப்பி மீட்கலாம். சொன்னதை எழுதி வேற ஆளைக் கொண்டு வாசிப்பியுங்கோ, அதைத் திரையிலயும் எழுத்தாப் போடுங்கோ. கமராவின்ர இருப்பிடப் பதிவை முதலே நிப்பாட்டுங்கோ.

வெடி போடுற இடத்துக்குப் போகாதேங்கோ. வெடியில செத்த மீனை வெட்டினால் காற்றுப்பை கிழிஞ்சு, முள்ளு முறிஞ்சு, வயித்துக்குள்ள இரத்தம் கட்டியிருக்கும். பக்கத்தில ஒரு வலைமீனை வைச்சு ஒரே வெளிச்சத்தில எடுங்கோ. ஒரு மீனோட முடிவு கட்டாமல் பல நாள் மீனை எடுக்கவேணும். வழக்கு எண்ணிக்கையை 2016 தகவலறியும் சட்டத்தில கேளுங்கோ. தருவதா இல்லையா எண்டு 14 வேலைநாளுக்குள்ள முடிவு சொல்லவேணும்.

கச்சான்:
படத்தைக் கவிழ்க்கிறது சத்தம். கச்சான் காத்தில வெறும் மைக் இரையும். மட்டம் உச்சத்தைத் தொட்டு உடைஞ்சால் எடிட்டில முழுசாத் திருத்தேலாது. மைக்குக்கு ரோம உறை போட்டு, பேசிறவரைக் காத்துக்கு முதுகு காட்ட வைச்சு, காலமை 8 மணிக்குள்ள எடுங்கோ. உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல், காதில ஹெட்போனோட. வாடிக்குள்ள டியூப் லைட் எண்டால் ஷட்டர் 1/50. எங்கட மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், 1/60இல திரை துடிக்கும். ட்ரோனை மறந்திடுங்கோ. கடற்படைத் தளமும் சீனன்குடா விமானத்தளமும் இருக்கிற ஊர், அனுமதியில்லாமல் பறந்தால் படத்துக்கு முன்னம் நீங்கள் உள்ளுக்கு.

மடிக்கயிறு:
திரை விசயத்தில நான் மாறுபடுறன். வெடி போடுறவரும் அதே கரையில்தான் இருந்து பார்ப்பார். பேசினவைக்கு மூடின அறையில முதல் காட்டுங்கோ. வேண்டாம் எண்டதை வெட்டுங்கோ. 1967இல கனடாவின்ர ஃபோகோ தீவு மீனவரை எடுத்த படங்களில அந்த உரிமை அவைக்கே இருந்தது. பிறகு உங்கட படத்தைக் கடற்றொழில் அதிகாரிகளுக்குக் காட்டுங்கோ. அதுக்குச் சிங்கள வசனவரி வேணும். தமிழ் வரியைப் பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிக்காதேங்கோ, யூனிகோட் இல்லாட்டில் திரையில ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும்.

கரைக்கு ஓவியம் நல்லது. மீன்சந்தைச் சுவரில நல்ல மீன், வெடிமீன் ரெண்டின்ரயும் வெட்டுமுகம், ஒவ்வொண்டும் ஒரு மீற்றர் நீளம். வாங்கிறவை பார்த்துக் கேள்வி கேட்கட்டும். யாரும் பேட்டி குடுக்கத் தேவையில்லை. உள்ளூராட்சி சபையிட்ட எழுத்தில அனுமதி எடுங்கோ. பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, நல்ல தண்ணியில உப்பைக் கழுவி, காய்ஞ்சாப் பிறகு பிரைமர், அதுக்கு மேல வெளிச்சுவர் இமல்சன் ரெண்டு பூச்சு. உப்புக்கு மேல அடிச்சால் மாரியோட உரிஞ்சிடும்.

நிலாவெளிக்கரை:
அப்ப திரையை விட்டிட்டுச் சுவரைப் பாக்கிறம். வெட்டுமுகத்துக்கு எந்த மீன் சரி?

மடிக்கயிறு:
பாரை. எல்லாருக்கும் தெரிஞ்ச மீன்.