‘கேம் டிரைவ்’, ‘ஸ்பாட்டிங்’, ‘சைட்டிங்’: கானுலாச் சொற்கள் குறித்துச் சில கருத்துகள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஆப்பிரிக்கக் காப்பகங்களில் வழிகாட்டியுடன் வண்டியில் சென்று விலங்குகளைக் காணும் ‘கேம் டிரைவ்’ பயணத்துக்கான தமிழ்ச் சொற்கள் குறித்து நம் குழுவில் நடந்துவரும் உரையாடலைத் தொடர்ந்து படித்துவந்தேன். ‘விலங்கு உலா’, ‘காட்டுலா’, ‘காணுலா’, ‘கானுயிர் தரிசனம்’ என வந்த பரிந்துரைகள் யாவும் பின்னிருக்கையில் அமர்ந்து பார்க்கும் பயணியின் பக்கத்திலிருந்து ஆக்கப்பட்டவை. வண்டியின் முன்முனையில் தனி இருக்கையில் அமர்ந்து மண்ணைப் படித்துக்கொண்டே வருகிறாரே, அவருடைய வேலைக்கு இவற்றில் இடமில்லை. அந்த வேலைக்குப் பொருத்தமான சொல்லைக் கண்டுவிட்டால் மற்றவை தாமாகவே அமையும் என்பது என் எண்ணம். ஆயினும் உரையாடல் தொடங்கிய ‘கேம் டிரைவ்’ என்ற இடத்திலிருந்தே வருகிறேன். அதற்கு நான் ஏற்கும் சொல் ‘கானுலா’ (கான், அதாவது காடு, + உலா).

‘கேம்’ என்பது இங்கே வேட்டைக்குரிய விலங்கைக் குறிக்கிறது. தென்னாப்பிரிக்காவில் சாபி ஆற்றை ஒட்டி 1898-இல் குடியரசுத் தலைவர் பால் குரூகரின் அரசு ஒரு நிலப்பகுதியை ஒதுக்கியபோது, வேட்டையால் அருகிவிட்ட விலங்குகளைக் காப்பதே நோக்கமாக இருந்தது. 1926-இல் அது விரிவுபெற்றுக் குரூகர் தேசியப் பூங்கா ஆயிற்று. தான்சானியாவிலோ ‘கேம் ரிசர்வ்’ எனப்படும் இடங்களில் உரிமம் பெற்று வேட்டையாட இன்றும் சட்டம் இடம் தருகிறது. அங்குள்ள செலூஸ் காப்பகம் ஒரு வேட்டைக்காரரின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அதிலிருந்து பெரும்பகுதியைப் பிரித்து 2019-இல் நியரேரே தேசியப் பூங்கா அமைத்தபின் அப்பகுதியில் வேட்டை இல்லை. கென்யா 1977-இலேயே வேட்டையைத் தடை செய்துவிட்டது. இருந்தும் மசாய் மாராவில் விடியற்காலையில் புறப்படும் வண்டிப் பயணத்துக்கு இன்றைக்கும் ‘கேம் டிரைவ்’ என்றே பெயர். எனவே ‘கேம் ரிசர்வ்’ என்பதற்குச் ‘சரணாலயம்’ என்னும் சொல்லை எல்லா இடத்துக்கும் பொதுவாக்குவது சரியாகாது. அடைக்கலம் என்ற பொருள் அதில் ஓங்கி நிற்கிறது. வேட்டைக்கு உரிமம் வழங்கும் இடத்தைச் சரணாலயம் என்று எழுதினால் படிப்பவர் ஏமாறுவார். ‘காப்பகம்’ போதும். காப்புக்காடு, புலிகள் காப்பகம் ஆகிய சொற்கள் வனத்துறை வழக்கில் ஊன்றியவை என்பதால் ‘கானுயிர்க் காப்பகம்’ என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

‘டிரைவ்’ என்பதை ‘ஓட்டம்’, ‘ஓட்டல்’ என்று பெயர்க்கும் யோசனையை நான் ஏற்கவில்லை. விலங்குகளை ஒரு பக்கமிருந்து விரட்டி, மறைந்திருக்கும் துப்பாக்கிகளை நோக்கி வரச்செய்வதற்கும் வேட்டைக்காரர்கள் ‘டிரைவ்’ என்றே சொன்னார்கள். ‘விலங்கோட்டம்’ என்று எழுதினால் நாம் குறிக்க விரும்புவதற்கு நேர் எதிரான செயலே நினைவுக்கு வரும். கானுலா வண்டியின் முதல் ஒழுங்கு விலங்கை ஓடவைக்காமல் இருப்பதுதான்.

‘உலா’ என்ற சொல்லுக்கு ஓர் அன்பர் எழுப்பிய தடையும் கவனிக்கத் தக்கது. உலா இலக்கியத்தில் உலா வருபவன் தலைவன். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவ மகளிரும் அவனைக் காண்பவர்கள். உலா போகிறவர் காணப்படுபவரே தவிரக் காண்பவர் அல்லர் என்பது அவருடைய வாதம். இலக்கிய வரலாற்றின்படி அது சரிதான். ஆனால் ‘சுற்றுலா’ என்ற சொல் அந்தத் திசையை எப்போதோ மாற்றிவிட்டது. அதனால் உலாவை ஏற்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. புல்வெளியும் முட்புதரும் பரந்த தான்சானியாவின் செரங்கெட்டியைக் ‘கான்’ என்று சொல்லலாமா என்ற ஐயமும் வேண்டியதில்லை. மேய்ச்சல் நிலமான முல்லையைத்தான் நாம் ‘காடும் காடு சார்ந்த இடமும்’ என்று படித்தோம்; கொங்குநாட்டில் புன்செய் வயலும் காடுதான்.

‘காணுலா’ அழகான ஆக்கம். ஆனால் அது ‘கானுலா’வுக்குப் பக்கத்தில் நின்றால் இரண்டும் கெடும். ண, ன வேறுபாட்டைப் பேச்சில் காப்பவர் குறைவு. தட்டச்சிலும் அது அடிக்கடி நழுவுகிறது. கானுலா ஒன்றே போதும். அதனோடு அடைகள் இயல்பாக ஒட்டுகின்றன: வண்டிக் கானுலா, நடைக் கானுலா, இரவுக் கானுலா, படகுக் கானுலா. ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வாவில் நார்மன் கார் 1950-களில் தொடங்கிவைத்த பயணமுறைக்கு நடைக் கானுலா என்ற சொல் முழுமையாகப் பொருந்துகிறது. ‘சஃபாரி’யை அப்படியே வைத்துக்கொள்ளலாம். சுவாகிலியில் அது எந்தப் பயணத்தையும் குறிக்கும். அரபியின் ‘சஃபர்’ அதற்கு மூலம். பல நாள் நீளும் முழுப் பயணத்தைச் சஃபாரி என்றும், அதற்குள் காலையிலும் மாலையிலும் சில மணிநேரம் நிகழ்வதைக் கானுலா என்றும் பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது. (நம்மில் ஒரு தலைமுறைக்குச் சஃபாரி என்றால் அரைக்கைச் சட்டையும் அதே துணியில் தைத்த காற்சட்டையுமே நினைவுக்கு வரும் என்பது வேறு கதை.)

இனி ‘ஸ்பாட்டிங்’. இதை ‘கண்டறிதல்’ என்று பெரும்பாலோர் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் மருத்துவத்திலும் பொறியியலிலும் ஏற்கெனவே நிறைய வேலை செய்கிறது என்பது ஒரு புறம் இருக்கட்டும். இங்கே நடப்பது என்ன என்று முதலில் பார்ப்போம்.

குரூகரின் மேற்கு எல்லையை ஒட்டிய சாபி சாண்டு தனியார் காப்பகத்தை எடுத்துக்கொள்கிறேன். 1993-இல் இடையிலிருந்த வேலியை அகற்றிவிட்டதால் விலங்குகள் இரு பக்கமும் தடையின்றி நடமாடுகின்றன. அங்கே வலப்புறம் வழிகாட்டி வண்டியை ஓட்ட, இடப்புற முன்முனையில் எஞ்சின் மூடியின்மேல் பொருத்திய இருக்கையில் ‘டிராக்கர்’, அதாவது தடம் பார்ப்பவர், அமர்ந்திருப்பார். பலர் சங்கான் மக்களைச் சேர்ந்தவர்கள். விடியலில் புறப்பட்டதும் அவர் தேடுவது சிறுத்தையை அன்று, மண்ணில் பதிந்த அடியை. முந்தைய மாலை சென்ற வண்டியின் சக்கரப் பதிவின்மேல் அந்த அடி விழுந்திருந்தால் விலங்கு இரவில் கடந்திருக்கிறது; சக்கரம் அடியை நசுக்கியிருந்தால் அது அதற்கும் முந்தியது. விளிம்பு உதிர்ந்திருக்கிறதா, இரவில் ஊரும் பூச்சி அதன் குறுக்கே கோடு போட்டிருக்கிறதா, பனி அதன்மேல் விழுந்திருக்கிறதா என்று பார்த்து நேரத்தை இன்னும் நெருக்கிச் சொல்வார். பிறகு வண்டியை நிறுத்தச் சொல்லிக் காது கொடுப்பார். இம்பாலா மான் கூட்டம் முழுவதும் ஒரே திசையை நோக்கி நின்று சீறினால் அங்கே ஏதோ இருக்கிறது. வெர்வெட் குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு குரலும் கழுகுக்கு வேறொரு குரலும் பாம்புக்கு மற்றொரு குரலும் எழுப்புகின்றன என்பதைக் கென்யாவின் அம்போசெலியில் ஆய்ந்து சேபார்த், செனி, மார்லர் மூவரும் 1980-இல் வெளியிட்டார்கள்; தடம் பார்ப்பவர்களுக்கு அது அன்றாட அறிவு. பெரிய விலங்குகளின் உடலில் உண்ணி கொத்தித் தின்னும் உண்ணிப்பறவைகள் அடர்ந்த புதரிலிருந்து திடீரென்று எழுந்தால் உள்ளே எருமையோ காண்டாமிருகமோ நிற்கலாம். மூக்குக்கும் வேலை உண்டு. சிறுத்தை சிறுநீரால் எல்லை குறித்த புதர் சோளப்பொரி மணக்கும் என்று அங்கே சொல்வார்கள். அந்த மணத்துக்குக் காரணமான சேர்மமே பாசுமதி அரிசியிலும் ரம்பை இலையிலும் இருக்கிறது. பிரியாணிக்கு ரம்பை இலை போடும் வீடுகளுக்கு இது புதிய மணம் ஆகாது.

இத்தனையும் விலங்கு கண்ணில் படுவதற்கு முன்னால் நடப்பவை. இதற்குத் ‘தடமும் குறியும்’ என்று பெயர் வைப்போம். அடியும் எச்சமும் தடம். குரலும் மணமும் பார்வைத் திசையும் குறி. குறிப்பறிதல் என்ற சொல் நம்மிடம் பழையதுதான் என்றாலும், அது மனிதர் முகம் பார்த்து மனம் அறிவதற்கு உரியதாக நிலைத்துவிட்டதால் அதை இங்கே இழுக்க வேண்டாம்.

தடத்தைப் படிப்பவருக்கு என்ன பெயர்? ‘தடங்காணி’ என்ற பரிந்துரைக்கு மலேசிய நண்பர் உடனே மறுப்பு எழுதியிருந்தார். தோட்டக்காட்டுக் கங்காணியின் நினைவு அந்த ஈற்றில் ஒட்டியிருக்கிறது என்ற அவருடைய மறுப்பு நியாயமானது. இலங்கை மலையகத்து வாசகருக்கும் அதுவே தோன்றும். ‘சுவடறிஞர்’ என்றால் ஓலைச்சுவடி ஆய்பவர் என்று பாதிப்பேர் படிப்பார்கள். ‘தடமறிஞர்’ என்பதையே நான் முன்வைக்கிறேன். அறிஞர் என்பது மிகையல்லவா என்று கேட்கலாம். மிகையன்று. தென்னாப்பிரிக்காவில் லூயி லீபென்பெர்க் 1994-இல் தடம் பார்ப்பவர்களுக்காகத் தொடங்கிய மதிப்பீட்டு முறையில், களத்தில் உள்ள தடங்களைக் காட்டிக் கேள்வி கேட்டுத் தகுதி வழங்குகிறார்கள்; முதுநிலைத் தகுதியும் அதற்கு மேற்பட்ட தகுதியும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களின் அறிவு முறையான தகுதியாக ஏற்கப்படும் வழி அது. நம்முடைய சொல்லும் அந்த மதிப்பைக் கொடுக்கட்டும்.

தடமறிதல் முடிந்து விலங்கை அணுகியபின் நிகழ்வதே ‘ஸ்பாட்டிங்’. அது இரண்டு செயல் சேர்ந்தது. தடமறிஞர் முதலில் தாம் காண்கிறார். பிறகு மற்றவரைக் காணச் செய்கிறார். இரண்டாவதுதான் கடினம். மரூலா மரக்கிளையில் படுத்திருக்கும் சிறுத்தையை அவர் ஒரு நொடியில் கண்டுவிடுவார், ஏனெனில் அவர் தேடுவது முழுச் சிறுத்தையை அன்று. செங்குத்தான அடிமரங்களுக்கிடையே பொருந்தாத ஒரு கிடைக்கோட்டை, தொங்கும் வாலை, ஒருமுறை அசைந்த காதை. புதரைப் பார்க்காமல் புதரின் ஊடே பார்க்கப் பழகிய கண் அது. பின்னிருக்கையில் உள்ளவருக்கோ, “பட்ட மரம் தெரிகிறதா, அதன் வலப்பக்கம் கறையான் புற்று, புற்றுக்கு மேலே இரண்டாவது கிளை” என்று படிப்படியாகச் சொல்லி முடித்தபின்னும் இலையும் நிழலும் மட்டுமே தெரியும். ஆகவே ‘கண்டுகாட்டல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். அதைச் செய்பவர் ‘கண்டுகாட்டி’. திசைகாட்டி போல இது ஒரு கருவியின் பெயராகத் தோன்றும் என்று சிலர் எண்ணலாம். ஆனால் ‘வழிகாட்டி’ மனிதரைக் குறிக்கவில்லையா? அதே வண்டியில் வழிகாட்டியும் கண்டுகாட்டியும் அருகருகே இருப்பது சொல்லளவிலும் பொருந்துகிறது. வழிகாட்டியே ஓட்டியபடி கண்டுகாட்டும் வண்டிகளும் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஏராளம். குரூகரில் பயணிகள் சொந்தக் காரிலேயே, தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மிகாமல், சென்று பார்க்கலாம். அங்கே கண்டுகாட்டி பின்னிருக்கைக் குழந்தையாகவும் இருக்கலாம். செயலைக் குறிக்கும் சொல் என்பதால் எல்லாருக்கும் பொருந்தும்.

‘சைட்டிங்’ வேறு. அது விலங்கு கண்ணில் பட்ட நிகழ்வு. பேச்சில் இதற்கு ‘தட்டுப்படுதல்’ என்ற அருமையான சொல் இருக்கிறது: “யானை தட்டுப்பட்டதா?” என்றுதான் கேட்போம். ஆனால் அதைப் பெயராக்கினால் ‘தட்டுப்பாடு’ என்று வந்து, பஞ்சம் என்று பொருள் தந்துவிடும். ‘சிங்கத் தட்டுப்பாடு’ என்று குறிப்பேட்டில் எழுத முடியாது. ‘காட்சி’ மிருகக்காட்சிசாலையை இழுத்து வருகிறது. ‘தரிசனம்’ செய்தித்தாள் தலைப்புக்கு இனிக்கலாம். கலைச்சொல் தொகுதிக்கு ஆகாது. ‘தென்படல்’ என்பதை ஏற்கலாம் என்று கருதுகிறேன். தென்படல் பதிவு, தென்படல் குறிப்பேடு, தென்பட்ட இடம் எல்லாம் இயல்பாக அமைகின்றன. கடைசிச் சொல்லுக்குத் தனிப் பயனும் உண்டு. தனியார் காப்பகங்களில் ஒரு விலங்கைச் சுற்றி நிற்கக்கூடிய வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். மற்ற வண்டிகள் கம்பியில்லாப் பேசியில் சொல்லிவிட்டுத் தள்ளிக் காத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் அவர்கள் ‘சைட்டிங்’ என்று சொல்வது இடத்தைத்தான். “தென்பட்ட இடத்தில் மூன்று வண்டிகள் நிற்கின்றன” என்றால் தெளிவாக இருக்கிறது.

ஒரு முடிச்சு மீதி. ‘தடம்’ நம்மிடம் அடிச்சுவட்டையும் குறிக்கும், போக்குவரத்து வழியையும் குறிக்கும். சாபி சாண்டில் சிறுத்தையைப் பின்தொடர வண்டி பாதையை விட்டுப் புதருக்குள் இறங்கலாம். குரூகரின் பொதுச் சாலைகளில் அது கூடாது. இதைத் ‘தடம் விலகல்’ என்று எழுதினால், வண்டி தடத்தைப் பற்றுவதற்காகத் தடத்தை விட்டு விலகியது என்ற விந்தையான வாக்கியம் வரும். ஆதலால் இந்தத் துறையில் தடம் என்பதை விலங்கின் அடிக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, வண்டி செல்வதைப் பாதை என்றே எழுதுவோம். அது ‘பாதை விலகல்’ ஆகட்டும்.

‘பிக் ஃபைவ்’ பற்றிச் சுருக்கமாக. ‘ஐம்பெரும் விலங்குகள்’ கேட்க நன்றாக இருக்கிறது, காப்பியங்களின் சாயலும் இருக்கிறது. ஆனால் சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை என்ற பட்டியல் நடந்து சென்று வேட்டையாடுவதில் இருந்த ஆபத்தைக் கொண்டு வேட்டைக்காரர்கள் வகுத்தது. உருவ அளவு காரணமாக இருந்திருந்தால் நீர்யானையும் ஒட்டகச்சிவிங்கியும் விடுபட்டிருக்கமாட்டா. ‘பெரும்’ என்ற அடை அளவையும் மதிப்பையும் ஒருங்கே ஏற்றிவிடுகிறது. ‘வேட்டை ஐந்து’ என்று பெயரிட்டு வரலாற்றை வெளிப்படையாக வைப்பதே நேர்மை என்பேன். விளம்பரம் எழுதுபவர்கள் ஒப்பமாட்டார்கள் என்றும் தெரியும்.

இரவுக் கானுலாவின் சொற்கள் இன்னும் எடுக்கப்படவில்லை. கையில் பிடித்துச் சுழற்றும் விளக்கைத் ‘தேடுவிளக்கு’ எனலாம். விழித்திரைக்குப் பின்னுள்ள ஒளி திருப்பும் படலத்தால் விலங்கின் கண் மின்னுவதைக் ‘கண்ணொளிர்வு’ எனலாம். பகலில் இயங்கும் இம்பாலாவின் மீது விளக்கைத் தங்கவிடக் கூடாது, அதன் கண் கூசிய நேரத்தில் கொன்றுண்ணி முந்திக்கொள்ளும் என்பதால் விளக்கின்மேல் செந்நிற வில்லை பொருத்துவதும் உண்டு. அந்த வில்லைக்கு ‘வடிகட்டி’ என்று எழுதினால் சமையலறை நினைவு வருகிறது, ‘வண்ணவில்லை’ என்றால் கண்ணாடிக் கடை நினைவு வருகிறது. ஒளிப்படக் கலையில் பழகியவர்கள் இதற்கு எந்தச் சொல்லைப் புழங்குகிறார்கள் என்று தெரிவித்தால் அதையே சேர்த்துக்கொள்ளலாம்.