பிரசவமாகி 20 நாள், காலில் டி.வி.டி (ஆழத்துல இருக்கற நாளத்துல ரத்தக்கட்டி): உறைதலைத் தடுக்கற புரோட்டீன் சி, எஸ் டெஸ்ட் இப்பவே எடுக்கலாமுங்களா?

கோபி_லேப்:
29 வயசுங்க, சிசேரியன். இடது தொடை வரைக்கும் ரத்தம் உறைஞ்சிருக்குன்னு டாப்ளர் ஸ்கேன் சொல்லுது. ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின் ஊசி, வார்ஃபாரின் மாத்திரை ரெண்டும் 5 நாளா போகுது. டாக்டர் முழு த்ராம்போஃபிலியா புரொஃபைல் (ரத்தம் உறையற தன்மை அதிகமான்னு பாக்கற டெஸ்ட்டுங்க) எழுதியிருக்காங்க. சேம்பிள் கோயம்புத்தூர் போகணும், வண்டி சாயங்காலம்தான். சொந்தத்துலயே கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க. அவங்க அம்மாவுக்கும் 40 வயசுல இதே மாதிரி வந்திருக்கு.

கோவை_உறைதல்:
புரோட்டீன் சி, எஸ், அதே மாதிரி உறைதலைத் தடுக்கற ஆன்டித்ராம்பின், மூணும் இப்ப வேண்டாமுங்க. புது உறைவே இதையெல்லாம் செலவழிச்சிரும். வார்ஃபாரின் சி, எஸ் ரெண்டையும் குறைக்கும். ஹெப்பாரின் ஆன்டித்ராம்பினைக் குறைக்கும். போதாததுக்கு, கர்ப்பத்துல இறங்கின புரோட்டீன் எஸ் இன்னும் ஏறியிருக்காது. இந்த நேரத்து ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு "பரம்பரைக் குறைபாடு"ன்னு ஆயுசுக்கும் முத்திரை குத்திருவாங்க. 3 மாசமாவது போகட்டும், மருந்தை நிறுத்தலாமாங்கறதை டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

எப்ப எடுத்தாலும் நீல மூடி சிட்ரேட் குழாய்ல கோடு வரைக்கும் ரத்தம் நிரம்பணும், 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட். சாயங்கால வண்டிக்காக ஃபிரிட்ஜில வைக்காதீங்க. 4 மணி நேரத்துக்குள்ள அங்கயே ரெண்டு தடவை சென்ட்ரிஃப்யூஜ் போட்டு, பிளாஸ்மாவை பிளாஸ்டிக் வயல்ல உறைய வச்சு அனுப்புங்க. ஒரே தடவை சுத்தினா பிளேட்லெட் மிச்சமாகி, லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் (உறைவைத் தூண்டற ஒரு ஆன்டிபாடி) இருந்தும் இல்லைன்னு வந்துரும்.

ஈரோடு_ரத்தவியல்:
ஃபேக்டர் ஃபைவ் லெய்டன், புரோத்ராம்பின் ரெண்டும் உறைவைக் கூட்டற பரம்பரை மாற்றத்தைப் பாக்கற டி.என்.ஏ. டெஸ்ட்; எப்ப வேணாலும் எடுக்கலாம். ஆனா லெய்டன் ஐரோப்பாவுல 100ல சுமார் 5 பேருக்கு இருக்கறது, நம்ம பக்கம் ரொம்பக் கம்மி. லூபஸ் மாதிரியே உறைவைத் தூண்டற கார்டியோலிப்பின், பீட்டா-2 ஆன்டிபாடி டெஸ்ட்டையும் மருந்து கெடுக்காது. பாசிட்டிவ்னா 12 வாரம் கழிச்சு மறுபடி பாத்துத்தான் உறுதி பண்ணணும். இந்த ஆன்டிபாடி பரம்பரை இல்லை, பின்னால வர்றது. ஆனாலும் மருந்துத் தேர்வையே மாத்திரும்.

பிரசவமும் ஆபரேஷனும் படுக்கையுமே போதுமான காரணந்தானுங்க. புற்றுநோய், சிறுநீர்ல புரதம் போறது, ஹீமோகுளோபின் தாறுமாறா ஏறி நிக்கறது, இதையும் டாக்டர் ஒரு பார்வை பாக்கட்டும்.

கோபி_லேப்:
அம்மாகிட்ட இப்ப எடுக்கலாமுங்களா?

ஈரோடு_ரத்தவியல்:
மருந்து எதுவும் சாப்பிடலைன்னா தாராளமா. அவங்களுக்கு நார்மல்னு வந்தாலும் மகளுக்கு இல்லைன்னு ஆயிராது, அப்பா வழியும் இருக்கு. சொந்தத்துல கல்யாணங்கறதால ஒண்ணு: அம்மா, அப்பா ரெண்டு பக்கமிருந்தும் புரோட்டீன் சி குறைபாடு குழந்தைக்கு வந்து சேர்ந்தா, பிறந்த சில நாள்லயே தோல்ல கருநீலத் திட்டு வரலாம், வந்தா உடனே பிளாஸ்மா ஏத்தணும். இப்போதைக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை கூடாது. காப்பர்-டி பத்தி டாக்டர்கிட்டக் கேக்கச் சொல்லுங்க.