பெரிய டயர் போட்டேன், மைலேஜ் எங்கே போச்சு? பிக்கப் வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பிக்கப்புக்குப் பெரிய டயர் மாட்டி மூன்று மாதம் ஆகிறது. முன்பு 265/70 ஆர்17 இருந்தது (அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 17 இன்ச்), இப்போது 285/75 ஆர்17, ஏடி வகை, அதாவது ரோட்டுக்கும் கரடுமுரடான பாதைக்கும் சேர்த்து ஓடுவது. வண்டி பார்க்க ஜம்மென்று இருக்கிறது, அதில் குறையே இல்லை. ஆனால் லிட்டருக்கு 9.6 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது 8.3க்கு இறங்கிவிட்டது. டேங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் போடும் பழைய முறைதான். ஆறு தடவை நிரப்பிப் பார்த்தும் அதே கதை.

வயிறு எரிந்தது. அப்புறம் ஒருநாள் நெடுஞ்சாலையில் சும்மா கிலோமீட்டர் கல்லை எண்ணிக்கொண்டே வந்தபோதுதான் உறைத்தது. 50 கல் தாண்டியிருந்தேன்; மீட்டரில் 47கூட ஆகவில்லை. பழைய டயரின் விட்டம் சுமார் 803 மில்லிமீட்டர், புதியது 859. ஏழு சதவீதம் கூடுதல். டயர் மாறியது வண்டிக்கு எப்படித் தெரியும்? அது சுற்றுகளை எண்ணிப் பழைய சுற்றளவால் பெருக்கிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் நான் பார்த்த 8.3 உண்மையில் 8.9. 1.3 போச்சு என்று புலம்பினேனே, அதில் கிட்டத்தட்டப் பாதி மீட்டர் சொன்ன பொய்.

மிச்சம் 0.7 நிஜமான நஷ்டம். கழற்றிய டயரையும் புதியதையும் எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தேன். 18 கிலோ, 27 கிலோ. நாலுக்கும் சேர்த்து 36 கிலோ ஏறியிருக்கிறது. 36 கிலோ மூட்டையைப் பின்னால் போட்டால் வண்டி கண்டுகொள்ளவே செய்யாது. ஆனால் இது சுற்றுகிற எடை, அதிலும் பெரும்பகுதி ஓரத்தில் இருக்கிறது. சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும்போது காலில் தெரிகிறது.

கேள்வி இதுதான். என் வண்டியில் கிரவுன் பினியன் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு, 3.73. அதை 4.10 ஆக்கினால் போன மைலேஜ் திரும்புமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், கேள்விப்பட்டவர்கள் வேண்டாம்.

*

செய்து பார்த்தவன் வந்துவிட்டேன். அதே டயர் அளவு, அதே 3.73, மாற்றியதும் 4.10தான். உங்கள் ஏழு சதவீதத்துக்குச் சரிக்கட்ட 3.99 தேவை, கடையில் கிடைப்பதில் பக்கத்தில் இருப்பது 4.10.

மைலேஜ் திரும்பியதா என்றால், இல்லை. வெறும் வண்டியாகச் சமதளத்தில் ஓட்டினால் 8.9 இருந்தது 8.7 ஆனது. கொஞ்சம் இறங்கித்தான் போனது. 100 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் 1,730 சுற்றில் ஓடியது, இப்போது 1,900. எதிர்பார்க்க வேண்டியதுதான்.

நான் மாற்றியது அதற்காக இல்லை. டிரெய்லர் இழுப்பவன் நான். பெரிய டயரோடு மேட்டில் ஏறும்போது ஆறாவது கியர் பிடிக்காது, ஐந்துக்கு இறங்கும், கொஞ்சம் வேகம் வந்ததும் ஆறுக்குத் தாவும், உடனே முக்கும், மறுபடி நாலுக்கே விழும். கியர்பாக்ஸ் ஒரு முடிவுக்கே வராது. ஒவ்வொரு தடவையும் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கிற டார்க் கன்வெர்ட்டரின் லாக் விட்டுப் போகும். அந்த நழுவலில் எண்ணெய் சூடாகுமே தவிர சக்கரத்துக்கு ஒன்றும் போகாது. 4.10 போட்ட பிறகு அதே மேட்டில் ஐந்தாவதில் பிடித்து உட்கார்ந்து ஏறுகிறது. டிரெய்லரோடு 5.6 கொடுத்தது இப்போது 6.0 கொடுக்கிறது. இழுப்பவனுக்கு லாபம், இழுக்காதவனுக்கு வேலைதான் மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. நாலு சக்கர டிரைவ் வண்டியென்றால் முன்பக்க டிஃபரன்ஷியலில் (அச்சின் நடுவில் இருக்கும் கியர் பெட்டி) உள்ள கிரவுன் பினியனையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பின்னால் 4.10, முன்னால் 3.73 வைத்துக்கொண்டு தார் ரோட்டில் நாலு சக்கரத்தையும் இணைத்தால் இரண்டு அச்சும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். ஏதாவது ஒன்று உடையும். செலவு இரட்டிப்பு என்று நாள் குறிப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். புதுக் கியர் பற்கள் ஒன்றோடொன்று பழகுவதற்காக முதல் 800 கிலோமீட்டருக்கு லோடு ஏற்றாமல் ஓட்டி, பிறகு எண்ணெயை மாற்றினேன். வெளியே வந்த எண்ணெய் வெயிலில் பிடித்தால் மினுமினுத்தது, அவ்வளவு இரும்புத்தூள்.

*

எனக்குக் கியர் பக்கமே போக வேண்டியிருக்கவில்லை. மூன்று வருஷம் மட் டயரில் ஓட்டினேன். சேற்றில் இறங்கியது மொத்தமாக நாலு தடவை இருக்கும். டயர் தேய்ந்ததும் அதே அளவில் சாதாரண ஹைவே டயர் போட்டேன். 8.1 இருந்தது 9.2 ஆனது. அளவு மாறாததால் மீட்டர் கதை இதில் கிடையாது. கட்டைகட்டையான ரப்பர் ரோட்டில் அமுங்கி விரிகிறதே, அதற்கும் நம் எரிபொருள்தான் செலவாகிறது. அந்த ஊளைச் சத்தம் போனது தனி நிம்மதி. வீட்டில் இருப்பவர்கள் இப்போது என்னோடு வண்டியில் பேசுகிறார்கள்.

காற்று விஷயத்தையும் பாருங்கள். கதவோரம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் பழைய டயருக்கு எழுதியது. கனமான லோடு டயருக்கு அதே 35 பிஎஸ்ஐ போதாமல் போகலாம். நான் செய்வது: டயரின் குறுக்கே சாக்கட்டியால் ஒரு கோடு, காலி மைதானத்தில் நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டம். இரண்டு ஓரமும் அழிந்து நடு மட்டும் வெள்ளையாக நின்றால் காற்று குறைவு. நடு மட்டும் அழிந்தால் அதிகம். ஒரே சீராக அழியும்வரை ஏற்றி இறக்கிப் பார்ப்பேன். ஆனால் டயர் தாங்கும் எல்லை பக்கவாட்டில் எழுதியிருக்கும், அதைத் தாண்டக் கூடாது. லோடு ஏற்றும் நாளில் இந்தக் கணக்கும் செல்லாது.

*

தம்பிகளா, ஒரு வேடிக்கையான கேஸ் சொல்கிறேன். சாக்கட்டி என்றதும் ஞாபகம் வந்தது.

ஒருவர் பழைய பிக்கப் ஒன்றைக் கைமாற்றில் வாங்கினார். மைலேஜ் 8.5க்கு மேல் ஏறவில்லை. ஏர் ஃபில்டர், பிளக், ஆக்ஸிஜன் சென்சார், இன்ஜெக்டர் கிளீனிங் என்று வரிசையாகச் செய்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்தார். டயரைப் பார்த்தேன், கம்பெனி அளவு, 265/70தான். பிரேக் எதுவும் உரசவில்லை. ஓட்டிப் பார்ப்போம் என்று ரோட்டுக்குப் போனோம். மீட்டரில் 100 வந்ததும் ஆர்பிஎம் முள் 2,050ஐத் தொட்டது. அதே மாடலில் என்னிடம் வரும் இன்னொரு வண்டி 100இல் 1,850தான் காட்டும். போனில் ஜிபிஎஸ்ஸைப் போட்டுப் பார்த்தால் நாங்கள் போய்க்கொண்டிருந்த வேகம் 90!

பட்டறைக்குத் திரும்பினோம். பின்சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் போட்டேன். டயரில் ஒரு சாக்கட்டிக் கோடு, கியர்பாக்ஸிலிருந்து பின்னச்சுக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் நின்றால் மற்றது இரண்டு மடங்கு சுற்றும் என்பதால் தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். அதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். நான் சக்கரத்தைச் சுற்றினேன், அவர் கீழே குனிந்து எண்ணினார். மூன்றே முக்காலுக்குக் கொஞ்சம் உள்ளே நிற்க வேண்டிய கோடு, நாலரையைத் தாண்டிப் போய் நின்றது. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினார். மூடியைக் கழற்றிப் பல்லை எண்ணியபோது உறுதியானது, 4.56.

நடந்தது இதுதான். முன்பு வைத்திருந்தவர் 35 இன்ச் டயர் போட்டு, அதற்கேற்ப 4.56 மாற்றி, மீட்டரையும் அதற்கே சரிசெய்திருக்கிறார். விற்கும்போது பெரிய டயரைக் கழற்றிக்கொண்டு பழைய சின்ன டயரை மாட்டிக் கொடுத்துவிட்டார். அதனால் மீட்டர் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டிக் காட்டியது. பாவம் மனுஷன், 8.5 போதவில்லை என்று வந்தவர். உண்மையில் அது 7.7தான். முகத்தைப் பார்க்கவே சங்கடமாகிவிட்டது.

மீட்டரை மட்டும் திருத்தி அனுப்பினேன். ஒரு மாதம் யோசித்துவிட்டு வந்தார், பின்னால் முன்னால் இரண்டுக்கும் 3.73 போட்டோம். இப்போது மீட்டரும் 9.3 என்கிறது, ஜிபிஎஸ்ஸும் அதையே சொல்கிறது. பழைய பிக்கப் வாங்குகிறவர்கள் சாக்கட்டி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

*

ஒரே ஒரு சந்தேகம். 4.10 போட்டால் ஆர்பிஎம் ஏறி மைலேஜ் இறங்குகிறது, சரி. அப்படியென்றால் பெரிய டயரால் ஆர்பிஎம் இறங்கியபோது மைலேஜ் ஏறியிருக்க வேண்டாமா?

*

நானும் அப்படி நம்பித்தான் 35 இன்ச் டயர் போட்டேன். 100இல் வண்டியைத் தள்ள எவ்வளவு சக்தி வேண்டும் என்பதைக் காற்றும் எடையும் டயரும் முடிவு செய்கின்றன. அதை எத்தனை சுற்றில் கொடுப்பது என்பது மட்டும்தான் கியரின் வேலை. குறைந்த சுற்றில் ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதித்து ஓட்டினால் பெட்ரோல் இன்ஜின் கொஞ்சம் சிக்கனமாக ஓடும், அது நிஜம். ஆனால் பெரிய டயரோடு எடையும் வருகிறது, வண்டி உயர்ந்து காற்றையும் கூடுதலாக வாங்குகிறது. டயர் உரசாமல் இருக்க நான் வண்டியை இரண்டு இன்ச் தூக்கினேன், காசைக் கொடுத்துக் காற்றை வாங்கிய மாதிரி. எதிர்க்காற்று அடிக்கிற நாளில் டாப் கியரே நிற்பதில்லை. 110இல் போய்க்கொண்டிருந்தவன் 95க்கு இறங்கியதில் கிடைத்த மைலேஜ், இத்தனை மாற்றத்திலும் கிடைக்கவில்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏறும் என்று பள்ளியில் படித்ததுதான், பெட்ரோல் போடும்போது புரிந்தது.

*

கேள்வி கேட்டவன் திரும்ப வந்திருக்கிறேன். டிரெய்லர் எதுவும் இழுப்பதில்லை, அதனால் 4.10 யோசனையை விட்டுவிட்டேன். மீட்டரைப் புதிய டயர் அளவுக்குத் திருத்தினேன். எதிர்பாராத ஒரு லாபம், கியர் மாறுகிற நேரமும் ஒழுங்கானது; இத்தனை நாளும் அது தப்பான வேகத்தை நம்பி மாறிக்கொண்டிருந்திருக்கிறது.

சாக்கட்டிச் சோதனையும் செய்தேன். எனக்கு நேர்மாறு: நடு மட்டும் அழிந்தது. டயர் மாட்டிய இடத்தில் 55 பிஎஸ்ஐ அடித்து அனுப்பியிருக்கிறார்கள். 42இல் கோடு சீராக அழிகிறது. குலுங்குவது நின்றது. மைலேஜ் 8.9 இப்போது 8.8. அதோடு சரி என்று விட்டுவிட்டேன்.