பெட்ரோல் காசு சம்பளமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கொண்டலாம்பட்டிக்காரன்:
"சேலத்தில் எம்.எஸ்.டபிள்யூ (சமூகப் பணி முதுகலை) முடித்த கையோடு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தால் கண்ணை மூடிக்கொண்டு 18 ஆயிரம்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் வயிறு எரிந்தது. மூன்று வருடம் முன்னால் இதே பேச்சை நம்பி ஏற்காட்டு மலைக் கிராமங்களில் ஃபீல்டு வேலைக்குப் போனவன் நான். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்த 18-க்குள் 3 ஆயிரம் பெட்ரோல். வண்டி என்னுடையது, டயர் என்னுடையது, தினமும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கித் தேய்ந்த பிரேக் ஷூவும் என்னுடையது. 15-ஐ 18 என்று சொல்வதற்கு எங்கள் ஊரில் வேறு பேர்.

சேர்வராயன்:
எழுதியது நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம் தம்பி, பயம் வேண்டாம். மாசம் பிறந்தால் என் கணக்கில் விழுந்தது 18. விழுந்தது எல்லாம் சம்பளம்தான்.

கொண்டலாம்பட்டிக்காரன்:
அப்படியா அண்ணா! ஹோட்டலில் வேலை செய்கிறவன் வாங்கி வரும் வெங்காயத்துக்குக் கொடுக்கிற காசும் அவன் சம்பளமா?

அஸ்தம்பட்டி அக்கா:
1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் நம் மாவட்டத்தில் தொடங்கிய சமயம், பெண் குழந்தைகளைக் காப்பாற்ற ஊர் ஊராகப் பேசப் போனோம். டவுன் பஸ், அப்புறம் நடை. யாரும் பெட்ரோல் காசு தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சேவைக்கு வருகிறவர்கள் கால்குலேட்டரோடு வருவதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

கொண்டலாம்பட்டிக்காரன்:
சிரியுங்கள் அக்கா. வீட்டுக்காரருக்கு உருக்காலையில் வேலை, சொந்த வீடு என்று போன மாசம் வாடகை பற்றிப் பேசும்போது நீங்களே சொன்னீர்கள். கல்விக்கடன் கட்டுகிறவன் கால்குலேட்டர் இல்லாமல் எப்படி வருவான்?

அஸ்தம்பட்டி அக்கா:
என் வீட்டுக்காரரை ஏன் இழுக்கிறாய்? மரியாதை தெரியாதா?

செவ்வாய்ப்பேட்டை கணக்கு:
இருவரும் அசல் கேள்வியை விட்டுவிட்டீர்கள். அடிப்படைச் சம்பளம் 15 ஆயிரம் என்றால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், அதாவது 1,800 பிடித்திருப்பார்கள். அப்போது கைக்கு வருவது 13,200, பெட்ரோல் சேர்த்தால் 16,200. முழுசாக 18 விழுந்தது என்றால் பி.எஃப். பிடிக்கவே இல்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை சட்டத்தை 2020-இல் திருத்தி, நிர்வாகச் செலவு உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தார்கள், ஒரு சங்கம் வாங்கிய பணத்தை இன்னொரு சங்கத்துக்குக் கைமாற்றவும் கூடாது என்றார்கள். பெரிய நிறுவனத்திடம் வாங்கி ஆள் வைத்திருந்த சின்னச் சங்கங்களுக்கு அதோடு அடி. புதிதாகச் சேருகிறவர்கள் சம்பளத்தைக் கேட்கும் முன், பணம் எங்கிருந்து வருகிறது, திட்டம் எத்தனை வருடம் என்று கேட்பது நல்லது.

சேர்வராயன்:
எங்களிடம் மொத்தமே 14 பேர். 20 பேர் இருந்தால்தான் பி.எஃப். கட்டாயம், இது தெரியாமலா கணக்கு என்று பேர் வைத்தீர்கள்?

கொண்டலாம்பட்டிக்காரன்:
ஆக பி.எஃப்.-உம் இல்லை! கேட்டுக்கொள்ளுங்கள் மக்களே. 18-இல் 3 பெட்ரோல், பி.எஃப். பூஜ்யம்.

சேர்வராயன்:
மலையாளி கிராமம் என்றதும் "மலையாளம் படிக்க வேண்டுமா" என்று கேட்டவர்தானே நீங்கள்? ஏற்காட்டு மலையாளிகள் தமிழ் பேசுகிற பழங்குடி மக்கள் என்பதுகூடத் தெரியாமல் ஃபீல்டுக்குப் போனவர் எனக்குப் பாடம் எடுக்கிறார்.

கொண்டலாம்பட்டிக்காரன்:
அது சேர்ந்த முதல் நாள். அதை இன்னும் சுமக்கிறீர்களே, கனமாக இல்லையா? பெட்ரோல் கேள்விக்குப் பதில் வரட்டும்.

மலர்_இரண்டாம்வருடம்:
அண்ணா, அக்கா, நான் எம்.எஸ்.டபிள்யூ கடைசி செமஸ்டர். வண்டி ஓட்டத் தெரியாது. மலையில் வேலை கிடைக்குமா? முதலில் ஃபெலோஷிப் மாதிரி எதிலாவது சேரலாமா?

குப்பனூர் ரோடு:
அடிவாரம் வழியாகப் போனால்தான் 20 வளைவு. குப்பனூர் வழியாகப் போயிருந்தால் பிரேக் ஷூ மிச்சம்.

கொண்டலாம்பட்டிக்காரன்:
கொண்டலாம்பட்டியிலிருந்து குப்பனூர் சுற்றி வர பெட்ரோல் உங்கள் அப்பா போடுவாரா?

குப்பனூர் ரோடு:
அப்பாவை இழுக்காதே. வளைவைத்தானே சொன்னேன்.

அஸ்தம்பட்டி அக்கா:
வீட்டுக்காரர் முடிந்து இப்போது அப்பாவா? மலர் கண்ணு, நீ பஸ்ஸில் போ. நான் போனேன்.

செவ்வாய்ப்பேட்டை கணக்கு:
மலர், 1098 குழந்தைகள் உதவி எண்ணை முன்பு தொண்டு நிறுவனங்கள் நடத்தின, 2023-இல் அரசு எடுத்துக்கொண்டது. அதனால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலக அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டிருங்கள். ஒப்பந்த வேலைதான்.

கொண்டலாம்பட்டிக்காரன்:
பஸ்ஸில் போனால் டிக்கெட் காசையும் சம்பளத்தில் சேர்த்து எழுதுவார்கள் அக்கா, அப்போது 15-ஐ 16 என்பார் நம் சேர்வராயன் அண்ணன். இன்னும் பதில் வரவில்லை. பெட்ரோல் காசு சம்பளமா, இல்லையா?

சேர்வராயன்:
சம்பளம்தான்.